நர்ஸ் வேலையை விட்டுவிடலாமா?

வாசகி ஒருவர் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 27. பொது மருத்துவ வார்டில் நான்கு ஆண்டுகளாக நர்ஸ். இரவு டூட்டியில் 36 படுக்கைக்கு இரண்டு பேர். "மருந்து கொடுத்து, டிரிப்ஸ் மாற்றி, சார்ட் எழுதி முடிப்பதற்குள் விடிந்துவிடுகிறது. பக்கவாதம் வந்த ஒரு பாட்டியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அன்றைக்கு ராத்திரி முழுவதும் ஒரே தடவைதான் முடிந்தது. மூன்றாம் நாள் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்துவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை" என்கிறார். போன மாதம் ஒரு நோயாளி இறந்தபோது அழுகையே வரவில்லையாம். இன்னும் எத்தனை காகிதம் எழுத வேண்டும் என்றுதான் மனம் கணக்குப் போட்டதாம். தான் கல்லாகிவிட்டோமோ என்று பயப்படுகிறார். முதுகுவலி இருக்கிறது, பகலில் தூக்கமில்லை. நான்கு மாதங்களுக்கு முன் ஊசி குத்தியதை யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா, "புண்ணியமான வேலை, சேவைன்னு வந்துட்டு கணக்குப் பார்க்கக் கூடாது" என்கிறார். அண்ணன், "டாக்டர் சொல்றதைச் செய்யற வேலைதானே, இதுக்கா இவ்வளவு கஷ்டம்?" என்று நண்பரின் அலுவலகத்தில் ஒரு வேலை பேசி வைத்திருக்கிறார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இதற்கிடையில் பள்ளிப் படிப்பை முடித்த தங்கை, தானும் நர்ஸிங் படிக்கப் போவதாகச் சொல்கிறாள். "நான் விட்டுவிடலாமா? அவளைத் தடுக்கலாமா?" இவைதான் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

இருபத்திரண்டு ஆண்டுகள் வார்டில் நின்றுவிட்டு, இப்போது மருத்துவமனை ஊழியர்களுக்கு மனநல ஆலோசனை சொல்லும் வேலையில் இருப்பவள் நான். அதனால் உங்கள் கடிதத்தைப் பாதி நர்ஸாகவும் பாதி ஆலோசகராகவும்தான் படிக்க முடிந்தது. வேலையை விடுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசலாம், அது சில வாரம் தாங்கும். நான்காம் பக்கத்தின் அடியில், ஏதோ தேவையில்லாத தகவல் மாதிரி அடைப்புக்குறிக்குள் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, அது தாங்காது.

முதலில் அந்த ஊசி

இன்ஜெக்‌ஷன் போட்டுவிட்டு மூடியைத் திருப்பிப் போடும்போது விரலில் குத்திவிட்டது. கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்தீர்கள். சீனியர் திட்டுவார் என்று சொல்லவில்லை. ஹெபடைடிஸ் பி (ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்று) தடுப்பூசி படிக்கும் காலத்தில் இரண்டு டோஸ் போட்டதாக ஞாபகம்.

இந்த வாரமே ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் ரத்தம் கொடுத்துவிடுங்கள். நான்கு மாதம் ஆகிவிட்டதால் இப்போது வரும் முடிவைப் பெரும்பாலும் நம்பலாம். ஹெபடைடிஸ் சி-க்கு மட்டும் ஆறு மாதம் முடியும்போது இன்னொரு தடவை பார்க்கச் சொல்லலாம். பரிசோதனைகள் முடிந்ததும், விட்டுப்போன மூன்றாவது டோஸைப் போட்டுக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் ஆகிவிட்டதே, மறுபடி முதலிலிருந்து போட வேண்டுமோ என்று நினைக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். அதற்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பாற்றல் எவ்வளவு உருவாகியிருக்கிறது என்று ரத்தத்தில் ஒரு முறை பாருங்கள். 10 யூனிட் (mIU/mL) அல்லது அதற்கு மேல் இருந்தால் போதுமான பாதுகாப்பு.

பயத்தின் அளவையும் கொஞ்சம் சரிசெய்கிறேன். எச்.ஐ.வி. உள்ள ஒருவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவு. தடுப்பூசியே போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்போ நூற்றில் 6 முதல் 30 வரை. வார்டில் எல்லோரும் முதலாவதுக்கு நடுங்குகிறோம், இரண்டாவதன் தடுப்பூசியைப் பாதியில் விட்டுவிடுகிறோம். இனி ஒருவேளை குத்தினால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். விரலை அழுத்திப் பிழிய வேண்டாம், ஸ்பிரிட்டில் முக்க வேண்டாம். அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையைச் சில மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பதுதான் நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பொதுவாகக் கொடுப்பதில்லை. ஆரம்பித்தால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

"என் கவனக்குறைவு" என்று எழுதியிருக்கிறீர்கள். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் போட்டீர்கள். ஏன்? அதற்கும் நீங்களே ஒரு வரி முன்னால் பதில் எழுதியிருக்கிறீர்கள்: ஊசியைப் போடும் டப்பா வார்டின் அந்தக் கோடியில் இருக்கிறது. திறந்த ஊசியோடு பதினெட்டுப் படுக்கையைக் கடந்து போக வேண்டுமென்றால் யாருக்கும் மூடி போடத்தான் கை போகும். நீங்கள் மறைத்ததால் அது உங்கள் விரலோடு போய்விட்டது. நாலு பேர் எழுதிக் கொடுத்திருந்தால் டப்பா இடம் மாறியிருக்கும். தாமதமானாலும் பரவாயில்லை, இப்போது எழுதிக் கொடுங்கள். பின்னாளில் ஏதாவது தொற்று தெரியவந்தால், அது வேலையில் வந்தது என்று காட்ட அந்தக் காகிதம்தான் உதவும். இழப்பீடு கேட்கும் நிலை வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கல்லாகிவிட்டேனா?

இல்லை. கல்லானவர்கள் ஆறு பக்கம் எழுத மாட்டார்கள்.

நோயாளி இறந்த நேரத்தில் அழுகை வராதது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அந்த நேரத்தில் கை வேலை செய்ய வேண்டும், வெளியே அவருடைய மனைவி நிற்கிறார், பக்கத்துப் படுக்கையில் டிரிப்ஸ் முடியப் போகிறது. மனம் அழுகையை எடுத்து ஓரமாக வைத்துவிடும். அப்புறம் அது வேறு எங்கோ வந்து நிற்கும். என் மூன்றாவது வருடத்தில் ஒரே ஷிஃப்டில் இரண்டு மரணம். இரண்டையும் நன்றாகவே சமாளித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. "இதை இறுக்கி மூடக்கூட இந்த வீட்டில் ஆளில்லையா" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் அழுதேன். வீட்டில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

கவனிக்க வேண்டியது வேறு. விடுமுறை நாளிலும் களைப்பு தீராமல் இருப்பது, நோயாளிக்குப் பெயர் இல்லாமல் வெறும் படுக்கை எண்ணாகிப்போவது, எது செய்தாலும் என்ன பயன் என்று தோன்றுவது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அதைத்தான் பர்ன் அவுட் என்கிறோம். உங்களிடம் முதலாவது நன்றாகத் தெரிகிறது. இரண்டாவது இல்லை, நான்கு பேரைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது எட்டிப் பார்க்கிறது.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. பாட்டியைப் புரட்டிப் படுக்க வைக்க முடியாமல் போன அந்த இரவைத்தான் சொல்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், செய்யக் கைக்கும் தெரியும், செய்ய விடாமல் சூழ்நிலை தடுக்கிறது. ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவப் பேராசிரியர் 1984-ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் அறச்சங்கடம் என்று சொல்லலாம். அவர் அதைக் கண்டுகொண்டதே நர்ஸ்களின் வேலையைப் பற்றி எழுதும்போதுதான். இது வெறும் களைப்பு மாதிரி தூங்கி எழுந்தால் போகாது. அந்தப் பாட்டியின் சிவந்த தோல் கூடவே வீட்டுக்கு வரும். நீங்கள் அலுத்துப்போனது நர்ஸ் வேலையைச் செய்து அல்ல, அதைச் செய்ய முடியாமல். இந்த வித்தியாசம் தெரியாமல் எடுக்கும் முடிவு எதுவாக இருந்தாலும் பின்னால் உறுத்தும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தூக்கத்துக்காக வார்டு டிராலியிலிருந்து மாத்திரை எடுத்துச் சாப்பிடும் பழக்கம் ஆரம்பித்திருந்தாலோ, காலையில் கண் விழிக்காமலே போனால் தேவலை என்று ஒருநாள் தோன்றியிருந்தாலோ, இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இன்றே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வேலை என்பதால் நான் எல்லா நர்ஸ்களிடமும் இதைக் கேட்பேன்.

சேவை என்றால் கணக்குப் பார்க்கக் கூடாதா?

அம்மா நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் நர்ஸ் தொழிலின் முன்னோடியே கணக்குப் பார்த்தவர்தான். புளோரன்ஸ் நைட்டிங்கேல் என்றால் நமக்குக் கைவிளக்கேந்திய காரிகை மட்டும்தான் ஞாபகம் வருகிறார். கிரிமியப் போரில் காயத்தால் இறந்த வீரர்களைவிட நோயால் இறந்தவர்கள்தான் அதிகம் என்று 1858-ல் வட்ட வடிவ வரைபடம் போட்டுக் காட்டியவரும் அவர்தான். காற்றோட்டமும் சாக்கடை வசதியும் வேண்டும் என்று அரசாங்கத்தை எண்களை வைத்தே துளைத்தார். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது, இது கற்றுத் தேர வேண்டிய தொழில் என்று காட்டத்தான். நல்ல மனசு மட்டும் போதுமென்றால் பள்ளிக்கூடம் எதற்கு?

உங்கள் கணக்குக்கும் ஆதாரம் இருக்கிறது. நர்ஸ் வேலையை ஆராயும் லிண்டா ஐக்கன் என்பவரின் குழுவினர் அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட முடிவு இது: ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு சுமார் 7 சதவீதம் கூடியது. கலிபோர்னியாவில் இத்தனை நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்ற வரம்பு 2004-ல் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. தீவிர சிகிச்சையில் இரண்டு பேருக்கு ஒருவர், பொது வார்டில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது அங்கே கணக்கு. உங்களுக்குப் பதினெட்டு! ஆகவே ஆள் போதவில்லை என்று சொல்வது உங்களுக்காகக் கேட்பது மட்டுமல்ல, அந்தப் பாட்டிக்காகவும்தான்.

உரிமை என்று பார்த்தால், சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1977-லேயே நர்ஸ்களுக்கென்று 149-ஆம் எண் உடன்படிக்கை கொண்டுவந்தது. வேலை நேரம், வார ஓய்வு, சம்பளத்தோடு விடுமுறை, மகப்பேறு விடுப்பு ஆகியவற்றில் மற்றத் தொழிலாளர்களுக்குக் குறையாத நிலைமை நர்ஸ்களுக்கும் வேண்டும் என்பது அதன் சாரம். எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. உங்கள் நாட்டுச் சட்டமும் உங்கள் நியமன ஒப்பந்தமும் என்ன சொல்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தை முழுதாகப் படித்ததுண்டா? என்னிடம் வருகிறவர்களில் பலர், கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு அதைத் திறந்ததே இல்லை என்பார்கள்.

எப்படிக் கேட்பது? வாய் வார்த்தையாகக் கேட்டால் "எல்லா இடத்திலும் இப்படித்தான்" என்ற பதிலோடு முடிந்துவிடும். எழுதிக் கொடுங்கள், நான்கு வரி போதும். "இன்ன தேதி இரவு ஷிஃப்ட். நோயாளிகள் 36, நர்ஸ்கள் 2. இரண்டு மணிக்கொரு முறை புரட்ட வேண்டிய மூவரை ஒரே முறைதான் புரட்ட முடிந்தது. காலை ஆறு மணி மருந்து ஏழரைக்குத்தான் முடிந்தது." இவ்வளவுதான். குற்றச்சாட்டு வேண்டாம், பெருமூச்சு வேண்டாம். ஒரு நகலை நோயாளிகளின் பெயர் இல்லாமல் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 'புகார்க்காரி' என்ற பெயர் வரலாம், டூட்டி பட்டியலில் அதன் வாடை அடிக்கலாம். அதனால் தனியாகப் போகாதீர்கள், அதே வார்டில் இன்னும் இரண்டு பேர் கையெழுத்தோடு போங்கள். ஆனால் எழுதாமல் இருப்பதிலும் ஆபத்து உண்டு. நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால், சார்ட்டில் உங்கள் கையெழுத்து இருக்கும், அந்த ராத்திரி எத்தனை பேர் டூட்டியில் இருந்தார்கள் என்பது எங்கேயும் இருக்காது.

ஒரே வரியில் எழுதிய விஷயம்

மேலே கொடுத்த சுருக்கத்தில் நான் வேண்டுமென்றே விட்டுவிட்ட வரி ஒன்று உண்டு. ஐந்தாம் பக்கம்: "ஒரு தடவை 14-ஆம் படுக்கைக்காரருக்கு மூச்சு சரியில்லை என்று தோன்றி ஒரு முழு நிமிடம் எண்ணினேன், 28, டாக்டரை மூன்று தடவை கூப்பிட்டேன், ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள், பிழைத்துக்கொண்டார்." உடனே அடுத்த வரியில் முதுகுவலிக்குப் போய்விட்டீர்கள்.

கொஞ்சம் நில்லுங்கள். அங்கே என்ன நடந்தது? அவர் தூங்குவது போலத்தான் இருந்திருப்பார். பி.பி. மோசமாக இருந்திருக்காது, இருந்திருந்தால் டாக்டர் முதல் அழைப்புக்கே வந்திருப்பார். நீங்கள் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்த்திருப்பீர்கள். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் மனிதனின் மூச்சு மாறிவிடும் என்பதால் நாம் எல்லோரும் செய்யும் தந்திரம் அது. ஒரு முழு நிமிடம். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கி எழுதிவிட்டுப் போக எத்தனையோ காரணம் இருந்த ராத்திரியில், ஒரு முழு நிமிடம். எண்ணிக்கை 28 என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்த எச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு 25-ஐத் தொட்டாலே அந்த ஒன்றுக்கு மட்டும் 3 மதிப்பெண். வேறு எதுவும் மாறாவிட்டாலும் உடனே வந்து பார்க்க வேண்டும் என்று அர்த்தம். உடம்பு கெடப் போகிறது என்பதை மூச்சுதான் பல நேரம் முதலில் சொல்கிறது. வார்டில் பலர் ஒப்புக்கு எழுதிவிட்டுப் போகும் எண்ணும் அதுதான்.

அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். டாக்டர் சொன்னதைச் செய்வது இந்த வேலையில் ஒரு பகுதி. டாக்டர் ஒரு நோயாளியை ஒரு நாளில் சில நிமிடம்தான் பார்க்கிறார், மீதி நேரமெல்லாம் பார்ப்பது நர்ஸ்தான். எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும், முதல் தடவை வராவிட்டால் எப்போது மூன்றாம் தடவை கூப்பிட வேண்டும் என்று முடிவு செய்வதும் நர்ஸ்தான். அதை யாரும் சொல்லிக் கொடுத்துச் செய்ய முடியாது.

நீங்கள் இதை ஒரே வரியில் எழுதியதற்குக் காரணமும் எனக்குப் புரிகிறது. இந்தத் தொழிலின் பலன்கள் பெரும்பாலும் நடக்காமல் போனவை. வராத படுக்கைப்புண், கட்டிலிலிருந்து விழாத தாத்தா, கையிலேயே நின்றுபோன தவறான மருந்து. நடக்காததற்கு யாரும் நன்றி சொல்வதில்லை, நமக்கே கண்ணில் படுவதில்லை. நடந்துவிட்ட ஒரு சிவந்த தோல் மட்டும் மனதில் நிற்கிறது.

இன்னும் சில பலன்களை நான் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்வேன், ஏனென்றால் அவற்றைச் சொல்லியே நம்மைக் குறைந்த ஆளில் ஓட்டிவிடுகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் தன் பயத்தை நம்மிடம் மட்டும் சொல்வது. நரம்பே கிடைக்காத கையில் கண்ணை மூடி விரலால் தடவிக் கண்டுபிடித்து, ஒரே குத்தில் ஊசி ஏறும்போது உள்ளுக்குள் வரும் அந்தச் சின்னத் திமிர். விடியற்காலை மூன்று மணிக்கு, வெளியில் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வராத ஒன்றுக்கு இரண்டு நர்ஸ்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது. இவையெல்லாம் நிஜம். அதற்காக 14-ஆம் படுக்கையைக் காட்டி 36 படுக்கையை நியாயப்படுத்த யாரையும் விடாதீர்கள். நீங்களும் செய்யாதீர்கள்.

முதுகும் தூக்கமும்

இரண்டையும் சுருக்கமாகவே சொல்கிறேன். "சரியான முறையில் தூக்கினால் முதுகு வலிக்காது, எனக்குத்தான் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பழைய நம்பிக்கை. பணியிட ஆரோக்கியத்தை ஆராயும் அமெரிக்க நிறுவனமான நையோஷ், நோயாளியைக் கையால் தூக்குவதற்குச் சொல்லும் உச்ச வரம்பு 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோ. நல்ல நிலைமையிலேயே அவ்வளவுதான். எந்தப் பெரியவரும் 16 கிலோ இருக்க மாட்டார். ஆகவே வழி முறையில் இல்லை, உதவியில் இருக்கிறது: இரண்டாவது ஆள், அடியில் விரித்து இழுக்கும் வழுக்கு விரிப்பு, தூக்கும் கருவி. நான்கு வரி கடிதத்தில் இதையும் ஐந்தாவதாகச் சேருங்கள்.

இரவு வேலையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-ல் 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது' என்ற பட்டியலில் வைத்தது, 2019-ல் அதை உறுதி செய்தது. நைட் டூட்டி பார்ப்பவர்களுக்கெல்லாம் நோய் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. வருடக்கணக்கில் தொடரும் இரவு வேலையை உடம்பு சும்மா விடாது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரவுகளைத் தொடர்ச்சியாக அதிகம் போடாமல் கேட்டு வாங்குங்கள். காலையில் வீடு திரும்பும்போது கூலிங் கிளாஸ், வந்ததும் ஜன்னலில் கனமான திரை, போனைச் சைலன்ட்டில் போடுவது. வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விதி: பகல் பதினொரு மணிக்கு உங்களை எழுப்புவது, ராத்திரி பதினொரு மணிக்கு அவர்களை எழுப்புவதற்குச் சமம். வண்டி ஓட்டிக்கொண்டு திரும்புகிறவரானால், கண் சொக்கும் நாளில் இருபது நிமிடம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, விடலாமா?

முதலில் ஒரு நிபந்தனை. இந்த முடிவை நைட் டூட்டி முடிந்த காலையில் எடுக்காதீர்கள். முழு விடுப்பு கிடைத்து, இரண்டு ராத்திரி தொடர்ந்து வீட்டில் தூங்கிய பிறகு எடுங்கள். மாதக் கடைசிக்குள் அது முடியாதென்றால் அண்ணனின் நண்பரிடம் இன்னும் மூன்று வாரம் கேளுங்கள். கொடுக்கிற வேலையாக இருந்தால் கொடுப்பார்.

அலுவலக வேலைக்குப் போவது தோல்வி அல்ல, அதை ஒரு பாவம் போல எழுதியிருக்க வேண்டாம். நிலையான நேரம், ராத்திரித் தூக்கம் எல்லாம் சின்ன விஷயமா? ஆனால் ஒரு கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்: இதே வார்டில் இரவுக்கு ஐந்து நர்ஸ்கள் இருந்தால், நான் இருப்பேனா? "இருப்பேன்" என்று உடனே வந்தால் உங்களுக்குப் பிரச்சினை இடம், தொழில் அல்ல. "அப்போதும் வேண்டாம்" என்று வந்தால் கிளம்புங்கள், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கிளம்பினாலும் உங்கள் நர்ஸ் பதிவைப் புதுப்பித்து வைத்திருங்கள். 2020-ல் உலக சுகாதார நிறுவனம் போட்ட கணக்கில் உலகம் முழுக்க 2.79 கோடி நர்ஸ்கள், இன்னும் 59 லட்சம் பேர் பற்றாக்குறை. திரும்பி வர நினைத்தால் இடம் இருக்கும், பதிவு காலாவதியாகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அது வரவே இல்லை. நர்ஸ் வேலை என்றால் பொது வார்டு ஒன்றுதான் என்று நினைத்திருக்கிறீர்கள். டயாலிசிஸ் பிரிவைப் பாருங்கள். பெரும்பாலும் அதே நோயாளிகள், வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் அளவுக்கு. ஒருவரை வருடக்கணக்கில் அறிந்துகொள்ளலாம். அதனாலேயே அவர் ஒருநாள் வராமல் போனால் வலியும் அதிகம். ஐ.சி.யூ.வில் ஆள் எண்ணிக்கை குறைவு, ஆனால் ஒவ்வொருவரும் பாரம். ஆபரேஷன் தியேட்டரில் ஒழுங்கு உண்டு, நோயாளியோடு பேச்சு குறைவு. வலி தணிப்புச் சிகிச்சை, தொற்றுக் கட்டுப்பாடு, சமூக நலப் பணி, நர்ஸிங் ஆசிரியர் என்று இன்னும் போகும். மூச்சை முழு நிமிடம் எண்ணுகிறவருக்குப் பொருந்தும் இடம் எது என்று என்னைக் கேட்டால், கவனிப்புக்கு நேரம் கொடுக்கும் இடம். டயாலிசிஸ் அல்லது வலி தணிப்பு. இது என் சாய்வு. உங்களைப் பார்க்காமல், ஆறு பக்கத்தை மட்டும் வைத்துச் சொல்வது. எழுத்து மூலம் இட மாற்றம் கேளுங்கள், மூன்று மாதம் கெடு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மறுத்தால் வேறு மருத்துவமனையில் விசாரியுங்கள். நேர்காணலில் கூச்சப்படாமல் ஒன்று கேளுங்கள்: "இரவில் எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ்?" மழுப்பினால் அதுவே பதில்.

தங்கை விஷயம். தடுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், ஐந்தாம் பக்கத்தையும் சேர்த்து. அப்புறமும் அவள் சேரத்தான் போகிறாள் என்றால், ஒரு விஷயத்தில் அக்காவாகக் கண்டிப்புக் காட்டலாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ்: முதலாவது, அதிலிருந்து ஒரு மாதத்தில் ஒன்று, ஆறு மாதத்தில் ஒன்று. முதல் வார்டு போஸ்டிங்குக்கு முன்னால் மூன்றும் முடிந்துவிடும்படி இப்போதே தேதி குறித்து ஆரம்பித்துவிடுங்கள். விட்டுப்போன உங்கள் டோஸையும் அவளோடு போகும் நாளிலேயே விசாரித்துவிட்டு வரலாம்.